கள்ளி வேற, கேக்டஸ் வேற: தொட்டிச் செடிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பேர்க் கதைகள்

(எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கியிருக்கோம். பேச்சு நடையை முடிஞ்ச அளவு அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். போன கோடையில என் கண்ணை நானே கிட்டத்தட்ட காலி பண்ணிக்கிட்டேன். காரணம் ஒரு தொட்டிச் செடி. இன்னும் சரியா சொல்லணும்னா, அந்தத் தொட்டியில ஒட்டியிருந்த பேர்.

நான் இருக்கிறது அம்பத்தூர். ஒரு ஞாயித்துக்கிழமை பூந்தமல்லி பக்கம் போயிட்டு வரும்போது, ரோட்டோர நர்சரி ஒண்ணுல வண்டியை நிறுத்தினேன். மூணு பட்டையா உயரமா நிக்கிற ஒரு செடி. பட்டை ஓரமெல்லாம் முள், முள்ளுக்கு நடுவுல குட்டிக் குட்டி இலை. தொட்டியில ‘கேக்டஸ் 150’னு எழுதியிருந்தது. “தண்ணி அதிகம் வேணாம்மா, வெயில்ல வச்சா போதும்”னு சொன்னாங்க. வாங்கிட்டு வந்து பால்கனியில வச்சாச்சு.

ரெண்டு மாசத்துல அது மேல கம்பியில முட்டுச்சு. கத்தரிக்கோலை எடுத்து நுனியை வெட்டினேன். வெட்டின இடத்துல இருந்து வெள்ளையா பால் சொட்டுச்சு. துடைச்சேன். அப்புறம் வியர்வைன்னு அதே கையால கண்ணைத் தேச்சேன். அவ்வளவுதான். முதல்ல லேசான எரிச்சல். ஒரு மணி நேரத்துல கண்ணைத் திறக்கவே முடியல.

கண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன பட்டுச்சு?”

“கேக்டஸ், சார். முள் குத்தல. அதோட தண்ணி பட்டுடுச்சு.”

“தண்ணியா, பாலா?”

“பால். வெள்ளையா வந்துச்சு.”

“அப்போ அது கேக்டஸ் இல்லம்மா. கள்ளி.”

ஒரு வாரத்துக்கு மேல சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி. இன்னைக்குக் கண்ணு நல்லா இருக்கு. ஆனா அந்த ஒரு வரி மண்டையிலேயே நின்னுடுச்சு. கள்ளின்னா கேக்டஸ்னுதானே ஸ்கூல்ல படிச்சோம்? ரெண்டும் வேறன்னா, இந்தப் பேரையெல்லாம் யாரு வச்சா, எதுக்கு வச்சா? அதைத் தேடிப் போன கதைதான் இன்னைக்கு.

முதல்ல கள்ளி

கேக்டஸ்ங்கிறது ஒரு குடும்பம். தாவரவியல்ல ‘கேக்டேசியே’ன்னு சொல்வாங்க. அதோட சொந்த ஊர் அமெரிக்கக் கண்டங்கள். கனடாவுல இருந்து அர்ஜென்டினா வரைக்கும் எல்லாம் அங்கதான். ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, ரிப்ஸாலிஸ்னு. முள் இல்லாம, மரக்கிளையில இருந்து நூல் நூலா தொங்கும். அது மட்டும் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை வரைக்கும் இயற்கையாவே பரவியிருக்கு.

அப்படின்னா, கொலம்பஸ் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி தமிழ்நாட்டுல கேக்டஸே கிடையாது. ஆனா கள்ளி இருந்தது. சங்கப் பாடல்கள்ல பாலை நிலத்துல வர்ற கள்ளி, ஊர் எல்லையில வேலியா நின்ன சதுரக்கள்ளி எல்லாமே யூபோர்பியாங்கிற வேற ஒரு பேரினத்தைச் சேர்ந்தது. பேரினம்னா செடியோட ‘இனிஷியல்’ மாதிரி வச்சுக்கோங்க. அறிவியல் பேர்ல முதல் பாதி பேரினம், ரெண்டாவது பாதி சிற்றினம்.

யூபோர்பியாங்கிறது ஒரு ஆளோட பேர்ல இருந்து வந்தது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வட ஆப்பிரிக்காவுல மௌரிடானியான்னு ஒரு ராஜ்யம். அதோட ராஜா இரண்டாம் ஜூபா. அட்லஸ் மலையில கிடைச்ச ஒரு பால் வடியற செடிக்கு அவர் தன்னோட வைத்தியர் யூபோர்பஸ் பேரை வச்சார்னு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கார். வைத்தியர் பேர் வச்ச செடியாலதான் நான் வைத்தியர்கிட்ட ஓடினேன்!

சிரிச்சுட்டு அடுத்த விஷயத்துக்குப் போக முடியல. கள்ளிப்பால்னா நம்ம ஊர்ல இன்னொரு அர்த்தம் இருக்கு. 80கள்லயும் 90கள்லயும் உசிலம்பட்டி, சேலம், தர்மபுரி பக்கம் பெண் சிசுக்கொலை பத்தி வந்த செய்திகள்ல அந்த வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. 1992ல தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்துல ஆரம்பிச்சது அதனாலதான். 1994ல வந்த ‘கருத்தம்மா’ படமும் அதைத்தான் பேசுச்சு. எங்க ஆயா பால்கனிச் செடியைப் பார்த்ததுமே, “வீட்டுக்குள்ள கள்ளி எதுக்குடி?”ன்னு முகம் சுளிச்சாங்க. மூடநம்பிக்கைன்னு நான் கிண்டல் பண்ணினேன். இப்போ யோசிச்சா, அந்தப் பேர்ல அவங்க தலைமுறைக்கு ஒரு எச்சரிக்கை இருந்தது. ‘கேக்டஸ்’னு லேபிள் மாறினப்போ அந்த எச்சரிக்கை உதிர்ந்துடுச்சு.

கேக்டஸ்ங்கிற பேரே இரவல்

சரி, கேக்டஸ்ங்கிற வார்த்தை எங்க இருந்து வந்தது? ‘காக்டோஸ்’னு பழைய கிரேக்கச் சொல். தாவரங்களைப் பத்தி முதன்முதலா பெரிய புத்தகம் எழுதின தியோஃப்ராஸ்டஸ், சிசிலித் தீவுல வளர்ற ஒரு முள்செடியை அந்தப் பேர்ல சொல்றார். அது நம்ம கேக்டஸா இருக்க வாய்ப்பே இல்ல, அமெரிக்கா அவருக்குத் தெரியாது. ஆர்ட்டிசோக்னு சூப்பர் மார்க்கெட்ல பார்த்திருப்பீங்களே, அதோட சொந்தக்காரச் செடியாதான் இருக்கணும். அது சூரியகாந்திக் குடும்பம்.

பல நூற்றாண்டு கழிச்சு அமெரிக்காவுல இருந்து உருண்டையான முள்செடிகள் ஐரோப்பாவுக்கு வந்தப்போ, தாவரவியல்காரங்க ‘மெலோகேக்டஸ்’னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. முலாம்பழம் மாதிரி உருண்டையா இருக்கிற முள்செடின்னு அர்த்தம். 1753ல ஸ்வீடன்காரர் லின்னேயஸ் தன்னோட ‘ஸ்பீசிஸ் பிளான்டாரம்’ புத்தகத்துல அதைச் சுருக்கி, உருண்டை, தட்டை, தூண், கொடி எல்லாத்தையும் சேர்த்து ‘கேக்டஸ்’னு ஒரே பேரினத்துல போட்டார். மொத்தம் 22 சிற்றினம்.

அப்புறம் புதுசு புதுசா செடிகள் வந்துக்கிட்டே இருந்தது. ஒரே டப்பாவுல அடங்கல. ஒவ்வொருத்தரா பிரிச்சு எடுத்து தனிப் பேர் வச்சாங்க. கடைசியில, 1905ல வியன்னாவுல நடந்த தாவரவியல் மாநாட்டுக்கு அப்புறம், ‘கேக்டஸ்’ங்கிற பேரினமே ஒதுக்கப்பட்டுடுச்சு. அதுக்குப் பதிலா மாமில்லாரியாங்கிற பேரைத் தக்கவச்சாங்க. ஆக, குடும்பத்துக்குப் பேர் கேக்டஸ் குடும்பம். ஆனா கேக்டஸ்ங்கிற பேர்ல அந்த வீட்டுல இன்னைக்கு யாருமே இல்ல.

நர்சரியில ஒரு ரவுண்டு

கண்ணு சரியானதும் மறுபடி அதே ரூட்ல நர்சரி நர்சரியா ஏறி இறங்கினேன். இந்தத் தடவை நோட்டோட. பேர் வைக்கிறதுல தாவரவியல்காரங்களுக்கு நாலு பழக்கம் இருக்குன்னு புரிஞ்சது.

முதல் பழக்கம், பார்த்ததைச் சொல்றது. மாமில்லாரியான்னா லத்தீன்ல ‘முலைக்காம்பு உடையது’. அதோட உடம்பு முழுக்க சின்னச் சின்ன மொட்டுகள் மாதிரி மேடு இருக்கும். எகினோகேக்டஸ்னா முள்ளெலி கேக்டஸ். ஃபெரோகேக்டஸ்னா மூர்க்கமான கேக்டஸ், முள்ளைப் பார்த்தா காரணம் புரியும். ஆஸ்ட்ரோஃபைட்டம்னா நட்சத்திரச் செடி, மேல இருந்து பார்த்தா அப்படியே நட்சத்திரம். சீரியஸ்னா மெழுகுத்திரி, நேரா நிக்கிற தூண்.

எல்லா நர்சரியிலயும் ஒரு அயிட்டம் கண்டிப்பா இருக்கும். கீழ பச்சைத் தண்டு, மேல சிவப்பு இல்ல மஞ்சள் கலர்ல ஒரு உருண்டை. ‘மூன் கேக்டஸ்’னு விப்பாங்க. அது ஒரு செடி இல்லீங்க, ரெண்டு செடி. மேல இருக்கிற உருண்டை ஜிம்னோகேலிசியம். கிரேக்கத்துல ‘வெற்றுப் புல்லிவட்டம்’, அதாவது அதோட பூமொட்டுல முடியும் இல்ல, முள்ளும் இல்ல. இந்தக் கலர் உருண்டையில பச்சையம் இல்லாததால தனக்குச் சாப்பாடு தானே தயாரிச்சுக்க முடியாது. அதனால டிராகன் ஃப்ரூட் தண்டு மேல ஒட்டுப் போட்டுடுவாங்க. கீழ இருக்கிறவர் சமைக்கிறார், மேல இருக்கிறவர் சாப்பிடறார். நம்ம வீட்டுக் கதை மாதிரி இருக்குல்ல?

ரெண்டாவது பழக்கம், ஆளோட பேரை வைக்கிறது. அமெரிக்க கௌபாய் படத்துல ரெண்டு கையைத் தூக்கிட்டு நிக்கிற பெரிய கேக்டஸ், சகுவாரோ. அதோட பேரினம் கார்னேஜியா. இரும்பு உலகக் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னேகி பேர். அவர் தொடங்கின நிறுவனம்தான் அரிசோனாவுல பாலைவன ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கொடுத்தது. 1908ல பிரிட்டன், ரோஸ்ங்கிற ரெண்டு தாவரவியலாளர்கள் நன்றிக்கடனா செடியிலேயே பேரை எழுதிட்டாங்க. ஸ்பான்சர் பேரை ஸ்டேடியத்துக்கு வைக்கிறோமே, அதே கதை. ரெபூட்டியான்னு குட்டிக் கேக்டஸ் ஒண்ணு இருக்கு. அது பிரான்ஸ்ல திராட்சைத் தோட்டமும் கேக்டஸ் வியாபாரமும் பண்ணின பியர் ரெபூ பேர்.

அப்புறம் எல்லா பங்களா வாசல்லயும் உக்காந்திருக்கிற தங்க நிற முள் உருண்டை, கோல்டன் பேரல். எகினோகேக்டஸ் குருசோனி. குருசோனிங்கிறது ஹெர்மன் குருசன்ங்கிற ஜெர்மன் தொழிலதிபர். மாக்டபுர்க்ல அவரோட தொழிற்சாலை என்ன செஞ்சது தெரியுமா? கோட்டைகளுக்கும் பீரங்கிகளுக்குமான இரும்புக் கவசம். பகல்ல கவசம் வார்த்தவர், மிச்ச நேரத்துல கேக்டஸ் சேர்த்திருக்கார். அவரோட செடிச் சேகரிப்பு கடைசியில அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது. டேங்க் செய்யற ஆவடியில ஒரு வீட்டு வாசல்ல குருசோனியைப் பார்த்தப்போ, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்குன்னு தோணுச்சு.

மூணாவது பழக்கம், எனக்கு ரொம்பப் பிடிச்சது, எழுத்தைக் கலைச்சுப் போடறது. பெரு நாட்டுத் தலைநகர் லிமா. அந்தப் பக்கம் கிடைச்ச கேக்டஸுக்கு என்ன பேர் வச்சாங்க? மிலா! பொலிவியாவுல கிடைச்சதுக்கு லோபிவியா. ரெண்டுமே அதே பிரிட்டன், ரோஸ் வேலைதான். 1919ல இருந்து 1923க்குள்ள நாலு பெரிய தொகுதியா கேக்டஸ் குடும்பம் மொத்தத்தையும் எழுதினவங்க. பேர் பஞ்சம் வந்திருக்கும் பாவம். லோபிவியாவை அப்புறம் பல பேர் எகினாப்சிஸ்ங்கிற பேரினத்தோட சேர்த்துட்டாங்க.

நாலாவது பழக்கம், தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வைக்கிறது. நம்ம ஊர்ல ராத்திரி பூக்கிற ‘பிரம்ம கமலம்’ தெரியும்தானே? மொட்டு விரியப்போகுதுன்னா பக்கத்து வீட்டுக்காரங்களையெல்லாம் கூப்பிட்டு, விளக்கேத்தி, வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் போடுவோம். அது கேக்டஸ்தான்! எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டாலம். மெக்சிகோ, மத்திய அமெரிக்காப் பக்கத்துக்காரங்க. எபிஃபில்லம்னா ‘இலை மேல’. பூ இலையில இருந்து வருதேன்னு ஆச்சரியப்பட்டு வச்ச பேர். உண்மையில அது இலையே இல்ல, தட்டையான தண்டு. தப்பு தெரிஞ்ச பிறகும் பேர் அப்படியே நின்னுடுச்சு.

நாம வச்ச பேரும் இரவல்தான். அசல் பிரம்ம கமலம் இமயமலையில இருக்கிற சசூரியா ஒப்வலாட்டா, உத்தராகண்டோட மாநில மலர். அது எந்தக் குடும்பம் தெரியுமா? சூரியகாந்திக் குடும்பம், ஆர்ட்டிசோக் இருக்கிற அதே குடும்பம். கிரேக்கத்துல அந்தக் குடும்பத்துப் பேரைத்தான் கேக்டஸுக்குத் தூக்கிக் கொடுத்தாங்க. இங்கயும் அதே குடும்பத்துப் பேரையே கேக்டஸுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கோம். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம, ஒரே வேலை!

இதுல டிராகன் ஃப்ரூட்டையும் சேர்த்துக்கோங்க. ரொம்ப நாளா அதோட பேரினம் ஹைலோசீரியஸ், ‘காட்டு மெழுகுத்திரி’. 2017ல மரபணு ஆய்வை வச்சு அதை செலெனிசீரியஸோட சேர்த்தாங்க. செலீனிங்கிறது கிரேக்க நிலாத் தெய்வம், ராத்திரியில பூக்கிறதால. 2021 ஜனவரியில குஜராத் அரசு, பழம் தாமரை வடிவத்துல இருக்குன்னு ‘கமலம்’னு பேர் மாத்துச்சு. நிலாவும் தாமரையும் ஒரே பழத்துல. கவிஞர்களுக்கு வேலை மிச்சம்.

சைதாப்பேட்டையில ஒரு நோபால்ரி

இதெல்லாம் சுவாரஸ்யம், ஆனா பேர் தப்பாப் போனா என்ன குடியா முழுகிடும்னு கேக்கலாம். முழுகியிருக்கு. நம்ம சென்னையிலேயே.

ரோட்டோரம், ரயில்வே டிராக் ஓரம், ஏரிக்கரைன்னு பார்த்திருப்பீங்களே, சப்பாத்திக்கள்ளி. தட்டைத் தட்டையா, அடுக்கு அடுக்கா. சிவப்பா பழம் பழுக்கும், சாப்பிட்டா நாக்கெல்லாம் கலராயிடும். பேர்ல கள்ளி இருந்தாலும் இது அசல் கேக்டஸ், ஒப்புன்ஷியா டில்லேனி. கிரேக்கத்துல ஓபஸ்னு ஒரு பழைய ஊர். அந்தப் பக்கம் இலையில இருந்தே வேர் விட்டு வளர்ற ஒரு செடி இருந்ததா பிளினி எழுதினார். அமெரிக்காவுல இருந்து வந்த இந்தச் செடியும் ஒரு துண்டு விழுந்தா அங்கேயே வேர் விடும். அதனால அந்த ஊர் பேரை இதுக்கு ஒட்டிட்டாங்க. டில்லேனிங்கிறது ஆக்ஸ்ஃபோர்டுல தாவரவியல் பேராசிரியரா இருந்த டில்லேனியஸ்.

இந்தச் செடிக்குடும்பம் இங்க முக்கியமானதுக்கு ஒரு பூச்சிதான் காரணம். கோச்சினீல்னு சொல்வாங்க. ஒப்புன்ஷியா மேல வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு சாறு குடிக்கும். நசுக்கினா அடர் சிவப்புச் சாயம். பிரிட்டிஷ் ஆபீசர்களோட சிவப்புக் கோட்டுக்கு இந்தச் சாயம்தான். ஆனா வியாபாரம் மெக்சிகோவை வச்சிருந்த ஸ்பெயின் கையில இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதுல பங்கு வேணும்.

அப்போ மெட்ராஸ்ல கம்பெனியோட தலைமை வைத்தியரா இருந்தவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். நுங்கம்பாக்கத்துல பெரிய தோட்டம் போட்டவர். 1786ல இங்க ஒரு புல்லு மேல சிவப்புச் சாயம் தர்ற பூச்சியைப் பார்த்துட்டு, கோச்சினீல் கிடைச்சாச்சுன்னு லண்டனுக்கு, சர் ஜோசப் பேங்க்ஸுக்கு கடிதம் மேல கடிதம் எழுதினார். அது கோச்சினீல் இல்ல, வேற பூச்சி. இருந்தாலும் கனவு விடல. சைதாப்பேட்டையில ஒரு ‘நோபால்ரி’ ஆரம்பிச்சாங்க. கிரிக்கெட் நோபால் இல்லீங்க. மெக்சிகோ பூர்வகுடி மொழியில ஒப்புன்ஷியாவுக்கு நோபல்லி. அந்தச் செடியை வளர்க்கிற தோட்டம் நோபால்ரி. ஆண்டர்சனோட மருமகன் முறை ஆண்ட்ரூ பெர்ரி அதைப் பார்த்துக்கிட்டார்.

1795ல கேப்டன் நீல்சன்ங்கிறவர் ரியோ டி ஜெனிரோவுல இருந்து உயிரோட பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். அங்க இருந்து தெற்கயும் வந்தது. எல்லாருக்கும் குஷி. ஆனா அது மெக்சிகோவோட நல்ல சாயப்பூச்சி, டாக்டிலோபியஸ் காக்கஸ் இல்ல. அதோட மட்டமான சொந்தக்காரர், இன்னைக்கு டாக்டிலோபியஸ் சிலோனிக்கஸ்னு சொல்ற பூச்சி. சாயம் தேறல. திட்டம் படுத்துடுச்சு.

பூச்சி மட்டும் சும்மா இருக்கல. ஒப்புன்ஷியா மோனகாந்தான்னு ஒரு வகை, ‘ஒற்றை முள்’னு அர்த்தம். அதை மட்டும் தேடித் தேடித் தின்னு தீர்த்தது. இதைப் பார்த்துட்டு 1863ல இருந்து தென்னிந்தியாவுல களைச்செடியா மண்டிக் கிடந்த அந்தக் கேக்டஸை ஒழிக்க, வேணும்னே இந்தப் பூச்சியைக் கொண்டு வந்து விட்டாங்க. ஒரு களையை ஒழிக்க ஒரு பூச்சியை இடம் மாத்தி விட்டதுல உலகத்துலேயே ஆரம்பகால உதாரணங்கள்ல இது ஒண்ணு.

ஆனா நம்ம சப்பாத்திக்கள்ளியை, டில்லேனியை, அந்தப் பூச்சி தொடவே இல்ல. பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. பூச்சிக்கு வித்தியாசம் நல்லாத் தெரியுது. மேய்ச்சல் நிலம், தரிசுன்னு டில்லேனி பரவிக்கிட்டே போச்சு. அப்புறம் 1926ல இலங்கையில இருந்து இன்னொரு பூச்சி, டாக்டிலோபியஸ் ஒப்புன்ஷியேவைக் கொண்டு வந்து விட்ட பிறகுதான் அது கட்டுக்குள்ள வந்தது. இன்னைக்கும் சப்பாத்திக்கள்ளியில வெள்ளைப் பஞ்சு பார்த்தீங்கன்னா, ஒரு குச்சியால நசுக்கிப் பாருங்க. சிவப்பு வரும்.

ஒரு பூச்சியோட சரியான பேர் தெரியாம ஒரு சாயக் கனவு போச்சு. எந்தச் செடிக்கு எந்தப் பூச்சின்னு தெரிஞ்ச பிறகுதான் நிலம் திரும்பக் கிடைச்சது. பேர்ங்கிறது அலங்காரம் இல்லன்னு எனக்குப் புரிஞ்சது இங்கதான்.

நம்ம வார்த்தையும் உள்ள இருக்கு

கிரேக்கம், லத்தீன்னு கேட்டு அலுத்துப்போனவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. பென்சில் பென்சிலா கிளை விடற ஒரு கள்ளி, வேலியில பார்த்திருப்பீங்க. அதோட அறிவியல் பேர் யூபோர்பியா திருக்கள்ளி. ஆமா, ‘திருக்கள்ளி’யேதான். கேரளத்துல டச்சு கவர்னர் வான் ரீடு தொகுத்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 1678ல இருந்து 1693 வரைக்கும் 12 தொகுதியா ஆம்ஸ்டர்டாம்ல அச்சாச்சு. அந்த வேலையில இட்டி அச்சுதன்ங்கிற உள்ளூர் வைத்தியரோட அறிவு பெரும் பங்கு. அதுல இருந்த உள்ளூர்ப் பேரை லின்னேயஸ் 1753ல அப்படியே எடுத்துக்கிட்டார். பிரேசில்ல இருந்து கென்யா வரைக்கும் எந்த தாவரவியல்காரர் அந்தச் செடியைச் சொன்னாலும் நம்ம பக்கத்துச் சொல்லைத்தான் சொல்லணும்.

கிராமத்துல பச்சையாவே கடிச்சுத் திங்கற கள்ளிமுளையான் இருக்கே, அது கேக்டஸும் இல்ல, கள்ளியும் இல்ல. எருக்கஞ்செடிக்குச் சொந்தம். அதோட பேரினம் கேரல்லூமா. ராக்ஸ்பர்க்னு கம்பெனி தாவரவியலாளர் சோழமண்டலக் கரையோரச் செடிகளைத் தொகுத்தப்போ, அதோட தெலுங்குப் பேரா ‘கார் அல்லம்’னு குறிச்சு வச்சார். அதுதான் லத்தீன் வேஷம் போட்டு கேரல்லூமா ஆயிடுச்சு. பூவிருந்தவல்லி பூனமல்லி ஆன மாதிரி. இங்கிலீஷ் போர்டைப் படிச்சுட்டு ‘பூனமல்லி’ன்னு சொல்ற நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்லையே!

உங்க பால்கனிக்குப் போங்க

இப்போ ஒரு சின்ன வேலை. உங்க வீட்டு முள்செடியைக் கிட்ட போய்ப் பாருங்க. தொடாம, வெட்டாம.

முள் எங்க இருந்து வருதுன்னு கவனிங்க. கேக்டஸா இருந்தா, முள்ளுக்கு அடியில பஞ்சு வச்ச மாதிரி ஒரு சின்னப் புள்ளி இருக்கும். ஏரியோல்னு பேர். முள், பூ, புதுக் கிளை எல்லாம் அந்தப் புள்ளியில இருந்துதான் வரும். கேக்டஸ் குடும்பத்துக்கே உரிய அடையாளம் அது. கள்ளியில அந்தப் பஞ்சுப் புள்ளி இருக்காது. பட்டை ஓரத்துல முள் பெரும்பாலும் ஜோடி ஜோடியா, மாட்டுக் கொம்பு மாதிரி நிக்கும். பால் வருதான்னு வெட்டிப் பார்க்கிறது தப்பான டெஸ்ட். ஒண்ணு, ஆபத்து. ரெண்டு, மாமில்லாரியாவுல சில வகைக்கும் பால் வரும்.

கள்ளின்னு தெரிஞ்சா தூக்கிப் போட வேணாம். அழகான செடிதான். குழந்தைங்க, நாய், பூனை எட்டாத இடத்துல வைங்க. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்க. பால் கண்ணுல பட்டுட்டா, தேய்க்காம, சுத்தமான தண்ணியை ஓடவிட்டு ரொம்ப நேரம் கழுவுங்க. எரிச்சல் குறைஞ்ச மாதிரி இருந்தாலும் அன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க, ஏன்னா சில மணி நேரம் கழிச்சுத்தான் அது முழுசா வேலையைக் காட்டும். முடிஞ்சா செடியை ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க. “கேக்டஸ்”னு மட்டும் சொல்லாதீங்க!

என்னோட செடி இன்னும் பால்கனியிலதான் இருக்கு. அது யூபோர்பியா ட்ரைகோனா. ட்ரைகோனான்னா மூணு கோணம், மூணு பட்டை. ஆப்பிரிக்கா வழி வந்தது. பழைய லேபிளைக் கிழிச்சுட்டு, மார்க்கர்ல பெருசா எழுதி ஒட்டியிருக்கேன்: ‘கள்ளி. பால் வரும். கண்ணு பத்திரம்.’

ஆயா அதைப் படிச்சுட்டு, “இதைத்தானே அன்னைக்கே சொன்னேன்”னாங்க. ஆமாம் ஆயா. சொன்னீங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். அதுவரைக்கும் உங்க வீட்டுச் செடியோட போட்டோவையும், உங்க வீட்டுல அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னும் அனுப்புங்க. அந்தப் பேரை விட்டுடாதீங்க.